ஞாயிறு மட்டும் பட்சபாதம்

திங்கள் காலை ஒன்பது மணிக்கு
அண்ணன் தம்பி இருவர் என் மேசைக்கு வருகிறார்கள்.
கூடவே ஒரு கல் சுவர்,
சுவரோரம் நீல ஹைட்ரேஞ்சா வேலி,
வேலியைத் தாண்டிய ஏழு பசுக்கள்.
எல்லாம் அந்தச் சின்ன அறைக்குள் நெருக்கியடித்து நிற்கும்.
ஜன்னலுக்கு வெளியே ஹோர்ட்டா துறைமுகம்,
எதிர்த் தீவின் மலை
பாதி நாள் மேகத்துக்குள்.

நீங்கள் சொல்வது கேட்கிறது, பெல்மீரோ.
நீங்கள் சொல்வதும் கேட்கிறது, ஜசிந்தோ.

'கேட்கிறது' என்ற ஒரு சொல்லுக்குத்தான்
பதினாறு வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன்.

மார்ச் மாதம் ஒருநாள்
மகன் டெல்மோ சூப் வைத்தான்.
எப்படி இருக்கிறது என்றான்.
முட்டைக்கோஸை நீ நம்பியிருப்பது தெரிகிறது என்றேன்.
அம்மா, உப்பு கூடவா குறைவா?
அதை நீ எப்படிப் பார்க்கிறாய் என்றேன்.
கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனான்.

பல் டாக்டர் விளக்கை இறக்கிப் பார்த்தார்:
கடைவாய் இரண்டும் தேய்ந்திருக்கிறதே,
தூக்கத்தில் யாரோடு சண்டை?
யாரோடும் இல்லை என்றேன்.
அதுதான் வியாதி போல.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடிதான், ஒப்புக்கொள்கிறேன்.
ஆனால் மத்தளத்தையாவது ராத்திரி
உறை போட்டு மூடிவைப்பார்கள்.

எங்களுக்கும் உறை கொண்டுவந்தாள்
லிஸ்பனிலிருந்து ஒரு பயிற்சியாளர்.
நான்கு எண்ணும்வரை மூச்சை இழு,
நான்கு எண்ணும்வரை நிறுத்து.
ஆளுக்கொரு லாவண்டர் எண்ணெய்ப் புட்டி.
தலையணையில் இரண்டு சொட்டு விட்டேன்.
பூனை நன்றாகத் தூங்கியது.

பிறகு அந்த ஞாயிறு.
மழைக்கு ஒதுங்கினேன், அவ்வளவுதான்,
தகரக் கூரைக்குக் கீழே கால்பந்து ஆட்டம்.
பச்சைச் சட்டைக்காரர்கள் நான்கு கோல் வாங்கியிருந்தார்கள்.
ஐந்தாவதற்கு அவர்கள் போட்ட கோலை
கொடி தூக்கி இல்லையென்றான் எவனோ ஒருவன்.

"குருட்டுப் பயலே!"

யார் கத்தியது என்று
நானும்தான் திரும்பிப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்ததும்.
ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றுவரை தெரியாது,
தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை.
மஞ்சள் சட்டை கோல்கீப்பருக்கும்
ஒரு நியாயம் இருக்கும், ஒரு வலி இருக்கும்,
முழங்காலில் பழைய காயம்கூட இருக்கும்.
ஞாயிற்றுக்கிழமை அதையெல்லாம் நான் விசாரிப்பதில்லை.
விழுந்து தொலை என்கிறேன்.
வேர்க்கடலைத் தோலைத் துப்புகிறேன்.
திங்கட்கிழமை என் பற்கள் என்னிடமே இருக்கின்றன.

போன வாரம் கொடி பிடித்தவன் பெல்மீரோ.

வாயிலிருந்து கிளம்பிவிட்டது;
ஈர மைதானம் முழுக்கக் கடந்து அவன் காதில் விழுந்தது.
திரும்பினான். கொடியில் தண்ணீர் சொட்டியது.
என்னைத் தெரிந்துகொண்டான்.

குடையை எடுத்துக்கொண்டு
மெல்ல நழுவியிருக்கலாம்.
தராசு முள் ஒரு கணம் ஆடத்தான் செய்தது.
பிறகு இன்னும் பலமாகக் கத்தினேன்.

மறுநாள் ஒன்பது மணி.
சுவர், வேலி, பசுக்கள், அண்ணன், தம்பி.
வேறு சமரசரை ஏற்பாடு செய்யட்டுமா என்று
முதலிலேயே கேட்டுவிட்டேன்.
பெல்மீரோ தொப்பியை முழங்காலில் வைத்துத் தடவினான்.

"அது ஆஃப்சைடுதான், டோனா டியோலிண்டா."

நீங்கள் சொல்வது கேட்கிறது
என்று நாக்கு தயாராகிவிட்டது.

"இல்லை" என்றேன்.

அந்த அறையில் என் முதல் 'இல்லை'.
ஜசிந்தோ இருமினான்,
சிரிப்பை மறைத்தானோ என்னவோ.
பெல்மீரோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்,
வேறு ஆளைக் கேட்கவில்லை.
சரி, சுவருக்கு வருவோம் என்றான்.

வந்தோம்.
மதியம்வரை ஒரு கல்லும் நகரவில்லை.

வீட்டுக்குப் போனதும்
கோட்டைக் கழற்றாமலே சொன்னேன்:
டெல்மோ, மார்ச் மாதம் நீ வைத்த சூப்,
உப்பு.
ரொம்ப உப்பு.